ஈரம் எண்ணும் கம்பம்

மண் ஆராய்ச்சி நிலையத்தில் அவளை எல்லோரும் டப்பாக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இயக்குநர் முதல் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிறவர் வரை அதே பெயர்தான். சம்பளப் பட்டியலில் வேறொரு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லி விசாரித்தால் வாசல் காவலாளி, அப்படி யாரும் இங்கே இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார். ஒரு தடவை மதியச் சாப்பாட்டைக் கொடுக்க வந்த அவளுடைய கணவரையே அப்படி அனுப்பிவிட்டார். மனுஷர் சாப்பாட்டுப் பையோடு வந்த வழியே திரும்பிப் போனார். பட்டினி கிடந்தது டப்பாக்காதான்.

பெயர் வந்த கதையை அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மண் வைக்கிற அலுமினிய டப்பாக்களைக் கழுவச் சொன்னார்கள். உள்ளங்கையில் அடங்குகிற டப்பா, அதற்கொரு மூடி, இரண்டிலும் ஒரே எண். நல்ல பெயர் வாங்க வேண்டும் என்ற ஆசையில், வீட்டில் பாத்திரம் தேய்க்கிற வேகத்தில், அத்தனையையும் முகம் தெரிகிற மாதிரி தேய்த்து வரிசையாக அடுக்கிவிட்டாள். அழுக்கோடு எண்களும் போய்விட்டன. ஒவ்வொரு டப்பாவின் வெறும் எடையையும் அந்த எண்ணுக்கு நேராகத்தான் எழுதி வைத்திருந்தார்கள். எண் போனால் டப்பா அநாதை. அன்றைக்கு இருந்த அதிகாரி தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அப்புறம் சிரித்தார். அப்புறம் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த தராசைக் காட்டி, நீயே எல்லாவற்றையும் எடை போடு, நீயே புது எண் குத்து என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மூச்சுக் காற்று பட்டாலே ஆடுகிற தராசு அது. கடைசி டப்பாவுக்கு எண் குத்தி முடிப்பதற்குள் அவளுக்குத் தராசு கைவந்துவிட்டது. கழுவ வந்தவள் எடை போடுகிறவளாக ஆனாள்.

பிறகு குழாயும் அவள் கைக்கு வந்தது. நிலத்தில் இரும்புக் குழாயைச் சுத்தியலால் அடித்து இறக்கி, உள்ளே சிக்கிய மண்ணை டப்பாவில் தட்டி, ஈரம் பறப்பதற்குள் மூடிவிடுவாள். நிலையத்துக்கு வந்ததும் எடை. பிறகு மூடியைக் கழற்றி, கொதிக்கிற நீரைவிடச் சற்றே கூடுதலான சூட்டில் ஓவனுக்குள் வைப்பாள். மறுநாள் திரும்பவும் எடை. குறைந்ததெல்லாம் தண்ணீர். ஓவனில் காய்கிற மண்ணின் வாசனை அவள் துணியில் ஏறிவிடும். வீட்டுக்குள் நுழைந்தால் கணவர் எழுந்து, மழை வருகிறதா என்று ஜன்னலைப் பார்ப்பார். காய்கறிக் கடையில் உருளைக்கிழங்கில் ஒட்டியிருக்கிற மண்ணை விரலால் உதிர்த்து, இது மணல்சாரி, இது களி என்று வகைபிரிப்பாள். கடைக்காரர், வாங்கினால் வாங்குங்கள், இல்லாவிட்டால் கிழங்கை விடுங்கள் என்பார்.

ஆனால் டப்பாவுக்கு ஒரு குறை உண்டு, அது அவளுக்கும் தெரியும். ஒரு டப்பா ஒரு கைப்பிடி மண்ணுக்குத்தான் சாட்சி. பத்தடி தள்ளி என்ன இருக்கிறது என்று கேட்டால் அது வாயைத் திறக்காது. அதுவும் இன்றைய ஈரத்தை நாளைக்குத்தான் சொல்லும். பயிர் அதுவரை காத்திருக்குமா?

இப்படி இருக்கும்போதுதான் மேடம் ஒரு கம்பத்தைக் கொண்டுவந்தார். மேடம் என்றால் நிலையத்தின் மண் விஞ்ஞானி. டப்பாக்காவைவிடச் சின்னவர், வேகமாகப் பேசுவார், பேசும்போது கையால் காற்றில் படம் போடுவார். கம்பத்தின் தலையில் ஒரு வெள்ளைப் பெட்டி, அதற்கு மேல் ஒரு சூரியத் தகடு, அவ்வளவுதான். மேடம் காற்றில் போட்ட படத்திலிருந்து டப்பாக்கா புரிந்துகொண்டது இது: வானத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத துகள்கள் எந்நேரமும் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. அவை மண்ணில் புகுந்து மோதி, ஒரு பங்கு மேலே திரும்பி வருகின்றன. மண்ணில் தண்ணீர் இருந்தால் அது அவற்றின் வேகத்தைக் குடித்துவிடும். திரும்பி வருவது குறையும். மண் காய்ந்திருந்தால் கூடும். பெட்டி அதை எண்ணிக்கொண்டே இருக்கும். குறைவாக எண்ணினால் ஈரம், நிறைய எண்ணினால் வறட்சி. தோண்ட வேண்டாம், காயவைக்க வேண்டாம். நாலைந்து பேர் நிலத்தை உள்ளடக்கிய பெரிய வட்டத்துக்கே சேர்த்து ஒரு கணக்கு, அதுவும் உடனுக்குடன் கைப்பேசிக்கு வந்துவிடும்.

கேட்டதும் டப்பாக்காவுக்குத் தன் தராசும் ஓவனும்தான் நினைவுக்கு வந்தன. அப்போது நாம் எதற்கு என்று மென்று விழுங்கிக் கேட்டும்விட்டாள். கம்பத்துக்கு எண்ண மட்டும்தான் தெரியும் என்றார் மேடம். எந்த எண்ணுக்கு எவ்வளவு ஈரம் என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க டப்பாதான் வேண்டும், கம்பத்தைச் சுற்றி வட்டம் வட்டமாக மண் எடுத்துக் காயவைத்துத்தான் அதற்குப் பாடம் நடத்த முடியும் என்றார். அன்று மாலை கணவர் இதைக் கேட்டுவிட்டு, மெஷினுக்கு வாத்தியார் ஆகிவிட்டாய், இனி வீட்டில் உன்னைப் பிடிக்க முடியாது என்றார்.

கம்பத்தை நட நல்ல இடம் வேண்டியிருந்தது. டப்பாக்காவின் அண்ணன் மக்காச்சோளம் போடுகிற ஊரில் வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைத்திருந்தார்கள். முறை தலைமடையிலிருந்து தொடங்கும். முறை வந்தவர், அடுத்து எப்போது வருமோ என்ற பயத்தில், வேண்டியதைப்போல் இரண்டு மடங்கு பாய்ச்சிக்கொள்வார். தலைமடையில் நிலம் குளமாக நிற்கும், கடைமடையில் புழுதி பறக்கும். மேடம் பாசனச் சங்கத்தில் வந்து பேசினார். நாள் பார்த்து மதகு திறக்காமல் மண்ணைப் பார்த்துத் திறப்போம், வட்டம் காய்ந்தது என்று கம்பம் சொன்னால் திறப்பது, போதும் என்று சொன்னால் மூடுவது, மிச்சப்படுகிற தண்ணீர் தானாகக் கீழே போகும் என்றார். ஒரு மதகில் மட்டும் ஒரு பருவத்துக்குப் பார்க்கலாம் என்று சங்கத் தலைவர் தலையாட்டினார். சரிப்பட்டால் எல்லா மதகுக்கும், இல்லையென்றால் கம்பத்தைக் கழற்றிவிட்டுப் பழைய முறை என்பது பேச்சு.

அந்த மதகில் கடைசி நிலம் ஒரு அம்மாவுடையது. கணவர் போன பிறகு தனியாகவே பயிர் செய்கிறார். ஊரே அவரைக் கடைமடை அம்மா என்றுதான் சொல்லும். அன்றைக்கு அவர் கேட்டது ஒரே கேள்வி. இந்தக் கம்பத்துக்கு என் நிலம் கண்ணுக்குத் தெரியுமா என்றார். மேடம் தெரியும் என்றார். அம்மா அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. டிராக்டர் வைத்திருக்கிற பக்கத்து நிலத்துக்காரர்தான் இது வேலைக்கு ஆகாது என்று முணுமுணுத்தார். அவரைச் சமாளித்தது டப்பாக்காவின் அண்ணன். என் தங்கை வேலை செய்கிற இடத்திலிருந்து வருகிறது, நான் பொறுப்பு என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். வட்டத்தின் நடுவில் இருந்தது அண்ணனின் நிலம்தான். கம்பம் அங்கேயே நின்றது.

நடுகிற அன்றைக்கு மேடம் சில எச்சரிக்கைகள் சொன்னார். கம்பத்தடியில் தண்ணீர் ஊற்றக்கூடாது, எருவைக் குவிக்கக்கூடாது, வைக்கோல் போர் போடக்கூடாது. அண்ணன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். டப்பாக்கா வட்டம் வட்டமாக மண் எடுத்தாள், காயவைத்தாள், கம்பம் பாடம் படித்தது. ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காகவே போயிற்று. கம்பம் சொன்னபடி மதகு திறந்தது, மூடியது. கடைமடை அம்மாவின் நிலத்திலும் பயிர் பச்சையாக எழுந்தது. வழிப்போக்கர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

பிறகு ஒரு நாள் பலத்த காற்று. கம்பம் சாய்ந்துவிடும் போல ஆடுகிறது என்று அண்ணன் போன் செய்தார். டப்பாக்கா அப்போது ஓவனிலிருந்து சூடான தட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். "கம்பம் ஆடினா கணக்கும் ஆடும் அண்ணே, எதையாவது வச்சு ஆடாமப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். அண்ணன் பார்த்துக்கொண்டார். வீட்டிலிருந்த பிளாஸ்டிக் கேன்களையெல்லாம் கொண்டுவந்து, தண்ணீர் நிரப்பி, கம்பத்தைச் சுற்றி இரண்டு அடுக்காக அடுக்கி, கயிற்றால் இறுக்கிக் கட்டினார். அடுக்கு பெட்டியின் கழுத்து வரை வந்தது. தண்ணீர் ஊற்றக்கூடாது என்று மேடம் சொன்னதை அவர் மறக்கவில்லை. ஒரு சொட்டுக்கூடக் கசியாதபடி ஒவ்வொரு மூடிக்கும் ரப்பர் வைத்துத் திருகியிருந்தார்.

அடுத்த தடவை சூரியத் தகட்டைத் துடைக்கப் போனபோது டப்பாக்கா அதைப் பார்த்தாள். கம்பத்தை உலுக்கிப் பார்த்தாள். அசையவில்லை. அண்ணன் எதைச் செய்தாலும் அதில் ஒரு ஒழுங்கு இருக்கும் என்று அண்ணியிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தாள். காற்றடித்த அதே சமயத்தில் கொஞ்சம் தூறலும் போட்டிருந்ததால், கம்பம் ஈரம் என்று சொன்னபோது நிலையத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அதன்பின்னும் அது ஈரம் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. மதகு மூடியே கிடந்தது.

முதலில் வாய் திறந்தது அண்ணிதான். ஒரு மதியம் நிலையத்துக்கே போன் செய்து, மெதுவான குரலில், வெயில் ஏறியதும் இலையெல்லாம் சுருட்டிக்கொள்கிறது, கதிர் விடுகிற நேரம், உன் அண்ணனிடம் நான் சொன்னதாகச் சொல்லாதே என்றார். டிராக்டர்காரர் தினமும் வந்து சத்தம் போடுகிறாராம். மேல்மண் காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் இருக்கும், நம் கண்ணுக்குத் தெரியாதது கம்பத்துக்குத் தெரியும் என்று அண்ணன் அவரை அடக்கிக்கொண்டிருக்கிறாராம். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கலாமே என்று அண்ணி சொன்னதற்கு, "அவ வேலைய நாம சந்தேகப்பட்டா மத்தவன் என்ன பேசுவான்" என்று வாயை அடைத்துவிட்டாராம்.

டப்பாக்கா போனை வைத்துவிட்டு நேராக மேடத்திடம் போனாள். கைப்பேசியில் எண் ஈரமாகத்தான் இருந்தது. மேடம் அதை முறைத்துப் பார்த்தார். பல நிலங்களைக் கவனிக்கிற வேலையில், கம்பம் நட்ட பிறகு அவர் அந்தப் பக்கம் போகவே இல்லை. மறுநாள் காலை இருவரும் குழாயும் டப்பாக்களுமாகக் கிளம்பினார்கள்.

முதல் அடியிலேயே டப்பாக்காவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. குழாய் இறங்கவில்லை. சுத்தியலால் ஓங்கி அடித்தும் கல்லில் அடித்த மாதிரி ணங்கென்றது. மேலே வந்த மண் பொடிப்பொடியாக உதிர்ந்தது. இதற்கு ஓவனே தேவையில்லை. கடைமடை அம்மாவின் நிலத்தில் நுனி இலைகள் கருகத் தொடங்கியிருந்தன. அந்த அம்மா தூரத்தில் நின்று பார்த்தாரே தவிர, பக்கத்தில் வந்து ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அதுதான் டப்பாக்காவுக்குத் தாங்கவில்லை.

கம்பத்தடிக்கு வந்தார்கள். மேடம் பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, பெட்டியைத் திறந்து ஒயர்களைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. கருவியில் கோளாறு இல்லை என்றால் எதில் கோளாறு என்று தலையைப் பிய்த்துக்கொண்டார். டப்பாக்கா அவர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கக்கா" என்றார் மேடம். "நம்ம உடம்பே பாதிக்கு மேல தண்ணி. பக்கத்துல நின்னா அது நம்மளையும் சேத்து எண்ணிக்கும்."

டப்பாக்கா இரண்டடி தள்ளினாள். தள்ளியவள் அப்படியே நின்றுவிட்டாள். மேடம் பையை இறக்கி வைத்திருந்தது ஒரு கேனின் மேல். அந்தக் கேனையும், அதற்குப் பக்கத்துக் கேனையும், சுற்றி இரண்டு அடுக்கையும், இறுக்கிக் கட்டிய கயிற்றையும் அவள் பார்த்தாள். சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது என்பதை அவள் பிற்பாடு மறைக்கவில்லை.

"மேடம், அப்ப இது?" என்றாள்.

மேடம் கேன்களைப் பார்த்தார். பிறகு தன் பையைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. கம்பத்தின் வட்டம் பெரியதுதான், ஆனால் மிகப் பக்கத்தில் இருப்பதைத்தான் அது அதிகம் எண்ணும். அண்ணன் அதன் கழுத்தைச் சுற்றித் தண்ணீர்ச் சுவரே எழுப்பியிருந்தார். மண் எவ்வளவு காய்ந்தாலும் கம்பத்துக்கு அது ஈரம்தான். தண்ணீர் ஊற்றாதீர்கள் என்று சொன்னேனே தவிர தண்ணீர் வைக்காதீர்கள் என்று சொல்லவில்லையே என்று மேடம் நெற்றியில் அடித்துக்கொண்டார். நான் பார்த்துப் பாராட்டிவிட்டு வேறு போனேன் என்றாள் டப்பாக்கா. இருவரும் கயிற்றை அவிழ்த்து, கேன்களை ஒவ்வொன்றாகச் சுமந்துபோய் வட்டத்துக்கு வெளியே வைத்தார்கள். மறுநாள் ஓவனிலிருந்து வந்த கணக்கும் கம்பத்தின் புதிய கணக்கும் அருகருகே வந்து நின்றன. நிலம் வறண்டு கிடக்கிறது என்று இரண்டும் ஒரே குரலில் சொல்லின.

ஆனால் அதற்குள் டிராக்டர்காரர் சங்கத்தைக் கூட்டிவிட்டார். கம்பத்தைக் கழற்றுவதா வேண்டாமா என்று முடிவாகிற வரை மதகுச் சாவியைத் தொடக்கூடாது என்று தலைவரும் சொல்லிவிட்டார். கம்பம் இருந்தால் உடனே மதகு திறக்கும். போனால் பழைய முறை திரும்பும். முறை மறுபடியும் தலைமடையிலிருந்து தொடங்கி இந்த மதகுக்கு வருவதற்குள் கதிர் மணி பிடிக்காமல் பதராகிவிடும்.

கூட்டத்துக்கு முன்னால் டப்பாக்கா அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணன் பின்வாசலில் உட்கார்ந்து, திருப்பிக் கொண்டுவந்த கேன்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்க அவற்றில் ஒன்றும் இல்லை. அவள் நடந்ததைச் சொன்னாள். கேட்டு முடித்தும் அவர் தலை நிமிரவில்லை.

"மெஷின் கோளாறுன்னு சொல்லிடு" என்றார் கடைசியில். "மெஷினுக்கு என்ன, வெக்கமா மானமா."

"கோளாறுன்னு சொன்னா இன்னிக்கே கழட்டிருவாங்க அண்ணே. அப்புறம் உனக்கும் தண்ணி இல்ல, அந்தம்மாவுக்கும் இல்ல."

"நீ டவுன்ல இருக்க. நான் இவங்க மூஞ்சியிலதான் தினம் முழிக்கணும்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. நாலு பேர் பயிரை ஒரு ஆள் வாடவைத்தான் என்று பேர் எடுத்தால், வரப்பில் நடக்கிறபோது ஒவ்வொரு நாளும் அதைக் கேட்டுக்கொண்டுதான் நடக்க வேண்டும். அண்ணி இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, டீ ஆறுகிறது என்று மட்டும் சொன்னார். யாரும் எடுத்துக் குடிக்கவில்லை. டப்பாக்கா எழுந்து, பொய் சொல்ல எனக்கு வராது அண்ணே, ஆனால் உன்னைத் தனியாக விடவும் மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அண்ணன் கேனைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சங்கக் கட்டிடம் ஒரே அறை. நீள மேஜை, மடக்கு நாற்காலிகள், சுவரில் வாய்க்காலின் பழைய வரைபடம். மின்விசிறி சுற்றியது, காற்றுதான் வரவில்லை. மேடம் வாசலிலேயே டப்பாக்காவைத் தனியாக அழைத்து ஒரு வழி சொன்னார். கருவிக்கு அருகில் ஏதோ பொருள் இருந்ததால் கணக்குப் பிசகியது, இப்போது சரியாகிவிட்டது என்று நானே பொதுவாகச் சொல்லிவிடுகிறேன், யார் வைத்தது என்ற பேச்சே வேண்டாம் என்றார். நல்ல மனசோடு சொன்னதுதான். டப்பாக்காவுக்கும் ஆசையாக இருந்தது. ஆனால் அந்தக் கேன்களை ஊரே பார்த்திருக்கிறது. பாதி உண்மையைச் சொன்னால் மீதியை டிராக்டர்காரர் எழுந்து சொல்வார். அப்போது கம்பத்தையும் யாரும் நம்பமாட்டார்கள், நிலையத்தையும் நம்பமாட்டார்கள். நானே பேசுகிறேன் மேடம் என்றாள்.

அவள் கூட்டத்தில் பேசியதே இல்லை. கைகளை என்ன செய்வது என்று தெரியாமல், பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துப் பிடித்துக்கொண்டாள். கம்பம் எண்ணுவது எப்படி என்று முதலில் சொன்னாள், மேடம் போலவே காற்றில் படம் போட்டு. போகப்போகக் குரல் தேறியது. கம்பத்தைச் சுற்றித் தண்ணீர்க் கேன்கள் இருந்ததையும், மண்ணில் இல்லாத ஈரத்தைக் கம்பம் அங்கே பார்த்ததையும் சொன்னாள். கம்பம் ஆடக்கூடாது, எதையாவது வை என்று சொன்னது நான்தான் என்றாள். கேன்களைப் பார்த்தேன், பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை, நன்றாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனேன் என்றாள். இவ்வளவு சொன்னவள், வைத்தது யார் என்று மட்டும் சொல்லாமல் நிறுத்தினாள்.

மதகுச் சாவி வைத்திருக்கிறவர், வயதான மனுஷர், அடக்க முடியாமல் குலுங்கிச் சிரித்தார். அது நாலைந்து பேருக்குத் தொற்றியது. டிராக்டர்காரர் சிரிக்கவில்லை. எழுந்து நின்றார்.

"அப்ப கேன் தண்ணியக் காட்டி எங்க தண்ணிய நிறுத்திட்டீங்க. நான் தினம் கத்துனேன். உள்ள ஈரம் இருக்கு, உள்ள ஈரம் இருக்குன்னு ஒருத்தர் எனக்குப் பாடம் எடுத்தாரு."

எல்லாத் தலைகளும் பின்வரிசைக்குத் திரும்பின. அண்ணன் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். எழுந்திருப்பதற்கு நேரம் பிடித்தது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கேன் வச்சது நான்" என்றார். "காத்துல சாஞ்சிரக் கூடாதுன்னு வச்சேன். என் தங்கச்சி கொண்டாந்த சாமான் என் நிலத்துல விழுந்துச்சுன்னு பேர் வரக்கூடாதுன்னு நெனச்சேன். பயிர் வாடுறது எனக்கும் தெரிஞ்சுது. அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கல."

அவ்வளவுதான் பேசினார். இத்தனை வருஷத்தில் அண்ணன் டப்பாக்காவிடம் அவள் வேலையைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. மண்ணைக் காயவைக்கிறதுக்கெல்லாமா சம்பளம் தருகிறார்கள் என்று கேலிதான் செய்திருக்கிறார். அந்த மனிதர் அவளுடைய கம்பத்துக்காகத் தன் பயிரையே வாடவிட்டிருக்கிறார். சந்தோஷப்படுவதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. டப்பா மூடியைத் திறந்து திறந்து மூடினாள்.

டிராக்டர்காரர் மறுபடி வாயைத் திறந்தார். தலைவர் கையமர்த்தி, கழற்றுவதா இருக்கட்டுமா என்று மட்டும் சொல்லுங்கள் என்றார். எல்லோரும் ஓரத்து நாற்காலியைப் பார்த்தார்கள். அதிகம் இழந்தது கடைமடை அம்மாதான், கோபப்பட முதல் உரிமையும் அவருக்குத்தான். அவர் என்ன சொன்னாலும் அதுதான் முடிவாகும் என்று அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அவர் உட்கார்ந்தபடியே பேசினார். குரலை உயர்த்தவில்லை. பின்வரிசைக்காரர்கள் முன்னால் சாய்ந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

"எனக்குக் கல்யாணம் ஆகி வந்ததுலேர்ந்து கடைசி நிலம்தான். எத்தனையோ பருவம் தண்ணி வராமக் கருகியிருக்கு. ஏன் வரலன்னு கேட்டா மேல கேளும்பாங்க. மேல கேட்டா கீழ வந்திருக்கணுமேம்பாங்க. ஒரு தடவை கூட, இன்னாரால வரல, இதனால வரலன்னு யாரும் வந்து சொன்னதில்ல." அவர் டப்பாக்காவையும் அண்ணனையும் மாறிமாறிப் பார்த்தார். "இன்னிக்குத்தான் சொல்லியிருக்காங்க. எல்லாரும் இருக்கறப்பவே சொல்லியிருக்காங்க. அந்தக் கம்பம் இருக்கட்டும்."

தலைவர் கைதூக்கச் சொன்னார். முதலில் உயர்ந்தது அண்ணன் கையா, டிராக்டர்காரர் கையா என்பதில் இன்றைக்கும் ஊரில் தகராறு உண்டு. டிராக்டர்காரர் தன் கைதான் என்று அடித்துச் சொல்வார். உயர்த்திக்கொண்டே அவர் ஒரு நிபந்தனையும் போட்டார்: கம்பம் சொல்கிறதோடு, அவ்வப்போது டப்பாக்கா வந்து எல்லார் நிலத்திலும் குழாய் போட்டு, இரண்டு கணக்கையும் சங்கக் கட்டிட வாசலில் எழுதிப்போட வேண்டும். மேடம், இதை நானே ஆரம்பத்தில் கேட்டிருக்க வேண்டும் என்று சொல்லி உடனே ஒப்புக்கொண்டார்.

மதகுச் சாவிக்காரர் அன்றைக்கே வாய்க்காலுக்குப் போனார். டப்பாக்கா ஊரிலேயே தங்கிவிட்டாள். காலையில் எழுந்து வரப்போடு நடந்தாள். அண்ணன் முன்னால் போனார், வழுக்குகிற இடங்களில் நின்று அவளுக்குக் கை கொடுத்தார். தண்ணீர் அவர் நிலத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. போதும் என்று கம்பம் சொல்வதற்கு முன்னாலேயே மண்வெட்டியால் வாய்மடையை அடைத்துக் கீழே திருப்பிவிட்டிருந்தார். டிராக்டர்காரரும் அதையே செய்திருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

கடைமடை அம்மா தன் நிலத்தின் தலைப்பில் நின்றிருந்தார். தண்ணீர் புழுதியைத் தள்ளிக்கொண்டு மெதுவாக வந்து அவர் காலைத் தொட்டது. அவர் குனிந்து அதில் முகம் கழுவினார்.